ஊருணிக்கு வாய் எங்குட்டு?

நாங்கள் இந்த ஜெர்மன் ஊருக்குக் குடிவந்த மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், எங்கள் கதவின் கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. வார்னிஷ் அடித்து, ஓரத்தில் பூ வரைந்து, நடுவில் வளைத்து வளைத்து என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்த ஜெர்மன் 'நன்றி', 'மன்னிக்கவும்', 'புரியவில்லை' என்ற மூன்றோடு சரி. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பலகை என்றால் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கத்தில் பலகை, தகடு, கல்வெட்டு எதுவாக இருந்தாலும் யாரோ ஒருவரைப் பெருமைப்படுத்தத்தான் இருக்கும். கோயில் ட்யூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயரை எழுதுகிற ஆட்கள் நாங்கள். ஆகவே இந்தக் கட்டடத்தில் உள்ளவர்கள் எங்கள் நல்ல நடத்தையைக் கவனித்து கௌரவித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, பலகையைக் கழற்றி, உள்ளே மாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினேன். பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஒன்றும் சாத்தினேன்.

என் மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். டூட்டி முடிந்து வந்தவள் பலகையைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நமக்குக் குடுத்துருக்காக."

"யாரு?"

"கட்டடத்துக்காரவுகதான்."

"எதுக்கு?"

"எதுக்கா? நாம இருக்குற இருப்புக்குத்தான்!"

இரண்டு வாரம் அது மாதாவின் காலடியில் இருந்தது. மூன்றாவது வாரம் கீழ்வீட்டு ஃப்ரௌ கெல்லர் வந்து மணியடித்தார். தபால் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அம்மாள், ஊதுபத்திக் குச்சி மாதிரி ஒல்லி. மாடிப்படியைக் காட்டினார். தெருவோர நடைபாதையில் கிடந்த இலைகளைக் காட்டினார். மழைத்தண்ணீர் இறங்குகிற இரும்புச் சல்லடையில் இலை மூடிக் குட்டையாக நின்ற தண்ணீரைக் காட்டினார். நான் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன். அப்புறம் அவர் கண் என் தோளைத் தாண்டிப் போய், மல்லிகைச் சரத்தில் நின்றது. அந்த முகத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். பலகையில் எழுதியிருந்தது 'கேர்வோஹெ'. பெருக்குகிற வாரம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் படியைப் பெருக்கி, நடைபாதையைக் கூட்டி, சல்லடையில் அடைத்த இலையை எடுக்க வேண்டும். வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். நான் பெருமைப்பட்ட இரண்டு வாரமும் எட்டுக் குடும்பம் குப்பையில் நடந்திருக்கிறது. பலகையைக் கழற்றிக் கொடுத்தேன். ஃப்ரௌ கெல்லர் ஒவ்வொரு சொல்லாக உதிர்க்க, உள்ளேயிருந்து வந்த ஸ்டெல்லா அதைத் தமிழில் சொன்னாள்: "இது பார்க்கிறதுக்கு இல்லை. கொடுத்துவிடுகிறதுக்கு."

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்களின் வாயிலிருந்து பொறுக்கியது. யார் எதை நறுக்கென்று சொன்னாலும் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அந்த அம்மாள் சொன்னதையும் போட்டுக்கொண்டேன். அதன் விலை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

புதுவயலுக்கும் காரைக்குடிக்கும் இடையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே எனக்கு மைக்செட் சவரிமுத்து என்று பெயர். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், அம்மன் கோயில் முளைப்பாரி என்று எந்த மதத்துக்கும் வஞ்சகம் இல்லாமல் ஒலிபெருக்கி கட்டினேன். கிராம சபைக் கூட்டத்துக்கும் நான்தான். அந்தக் கூட்டங்களில் நான் கற்றுக்கொண்ட ஒரு வித்தை உண்டு. மேடையில் இருப்பவர்கள் பேசும்போது குழாய் ஸ்பீக்கர் ஊரெல்லாம் முழங்கும். கீழேயிருந்து ஒருவர் எழுந்து மைக்கை வாங்கி, தெருவிளக்கு, சாக்கடை என்று ஆரம்பித்தால் தலைவர் என் பக்கமாகத் திரும்பி இமையை லேசாக இறக்குவார். நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைப் பாதிக்குக் குறைப்பேன். மொத்தமாக அணைக்கக் கூடாது. அணைத்தால் சண்டை வரும். பாதியாகக் குறைத்தால், பேசுகிறவருக்கே தன் குரல்மேல் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிடுவார். மைக் கோளாறு என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இருபது வருஷம் இந்தக் கேவலத்தைத் தொழில்நுணுக்கம் என்று நினைத்து, அதில் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

இங்கே வந்த பிறகு நான் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலை பார்க்கிறேன். பெட்டிகளோடு பேச முடியாது. பேசாமல் இருந்தால் எனக்குக் காய்ச்சல் வரும். அதைப் பார்த்து இரங்கியோ என்னவோ, எனக்கு ஜெர்மன் கொஞ்சம் பிடிபட்ட பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரௌ கெல்லர் என்னை நகராட்சி மண்டபத்துக்கு அழைத்துப்போனார். ஊர் வரலாற்றைப் பற்றி ஊர்க்காரர்களே கூடிப் பேசுகிற கூட்டம். நாற்பது நரைத்த தலை. நாற்பது காபிக் கோப்பை. இரண்டு மணி நேரம் எதைப் பற்றிப் பேசினார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் இடிந்துபோன ஊர்க்கதவு உள்பக்கமாகத் திறந்ததா, வெளிப்பக்கமாகத் திறந்ததா என்று! கதவே இல்லை. அது திறந்த பக்கத்துக்கு இரண்டு கட்சி. ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு கோட்டை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே இளக்காரம். இவ்வளவு காசு, இவ்வளவு ரோடு, இவ்வளவு ஓய்வு இருந்தும் பேச இவர்களுக்கு விஷயம் இல்லையே என்று.

காபி நேரத்தில் என்னைச் சுற்றி நான்கு பேர் கூடி, உங்கள் ஊர் எப்படி என்று கேட்டார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்? போனை எடுத்து செட்டிநாட்டு மாளிகைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். பர்மாத் தேக்குத் தூண், பளிங்குத் தரை, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அந்த வீடுகளில் ஒன்றுக்குக்கூட நான் சொந்தக்காரன் இல்லை. கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்ட முன்வாசல் வரை போனதுதான். எங்கள் வீடு ஓட்டுக்கூரை, இரண்டு அறை. ஆனால் ஜெர்மனியில் செட்டிநாட்டு மாளிகை அத்தனையும் என்னுடையது.

ஃப்ரௌ கெல்லர் படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவையும் யார் பெருக்குகிறார்கள்?"

"பூட்டியிருக்கிறது" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "பூட்டினால் தூசி வராதா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ரோஷம் பொங்கியது. கதவே இல்லாத ஊர்க்காரன் கதவைப் பற்றிப் பேசும்போது நாம் பேசக் கூடாதா? அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஊர் போன் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றுச் சென்னையில் இருக்கிற சொக்கலிங்கம் அய்யா, உள்ளூர் வரலாற்றையும் ஊர்ப் பொதுக்காரியத்தையும் பற்றி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியில் கலந்துரையாடல் நடத்தப்போகிறாராம். பெயர் 'ஊர்ப்பேச்சு'. யார் பேச வேண்டும், யார் வாயை மூட வேண்டும் என்று பொத்தான் அமுக்க ஓர் ஆள் வேண்டும். மைக்செட் சவரிமுத்துவை விட்டால் யார்?

எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்; ஊரில் சாயங்காலம். சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள் வரும். சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி, சென்னை. ஊரிலிருந்து மூன்று பேர் வந்தால் அதிகம். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர் ஆயிரம் வருஷம் பழசு என்பார் ஒருவர். இரண்டாயிரம் என்பார் இன்னொருவர். ஏலம்தான். ஊரை விட்டுப்போன வருஷம் கூடக் கூட ஊரின் வயசும் கூடிக்கொண்டே போகும். துபாயில் இருக்கிற ஒருவர் கண் கலங்கிப் பேசுவார். பேசி முடித்ததும், ஊருக்கு வந்தால் காரைக்குடியில் ஏசி ரூம் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார். தெருவில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் தோன்றாது. வரலாறு பேசுவதில் இது ஒரு சௌகரியம். செத்துப்போனவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

நான் மட்டும் யோக்கியனா? ஒவ்வொரு கூட்டத்தையும் நான்தான் தொடங்கிவைப்பேன். "கடல் கடந்தாலும் கரை மறவாத சொந்தங்களே" என்பேன். எனக்கே புல்லரிக்கும்.

நாலாவது கூட்டத்தில் ஊருணி வந்தது. மழைத்தண்ணீரைத் தேக்கிவைத்துக் குடிப்பதற்கென்று வெட்டிய குளம் அது. மேட்டுப் பொட்டலில் பெய்கிற மழை, வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக வந்து வடமேற்கு மூலையில் உள்ளே இறங்கும். அந்த இடம்தான் ஊருணியின் வாய். ஊருணி நிறைந்தால்தான் அதன் கரையில் இருக்கிற கிணற்றில் ஊறும். எங்கள் தெருக் குழாயில் வருவது உப்பு. சோறு வடிக்கவும் குடிக்கவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே தெருவில்தான் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இந்தத் தொண்டையை வளர்த்தேன்.

சொக்கலிங்கம் அய்யா ஒரு படம் காட்டினார். கோடையில் மேலேயிருந்து பறக்கும் கேமராவில் எடுத்தது. நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவர், சுற்றி நடைபாதை, கிரானைட் பெஞ்சு, பூச்செடி என்று அதன்மேல் கோடு போட்டுக் காட்டினார். "நம் பாரம்பரிய நீர்நிலைக்கு நாம் செய்யும் மரியாதை" என்றார். படத்தில் வரத்துக்கால் காய்ந்து, பிளாஸ்டிக் பை நிறைந்த ஒரு பள்ளமாகத் தெரிந்தது. "அந்தக் குப்பைப் பள்ளம் அழகக் கெடுக்குது சார். அதை மூடி ஒரு பெஞ்சு போட்டா போட்டோவுக்கு நல்ல இடம்" என்றார் துபாய்க்காரர். எல்லாச் சதுரத்திலும் கட்டைவிரல் உயர்ந்தது.

அப்போதுதான் வள்ளிக்கண்ணு அக்கா சதுரத்துக்குள் வந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் களத்து வேலை. நெல்லைக் காயப்போட்டு, காலால் தள்ளித் தள்ளிக் கிண்டிவிடுகிற வேலை. மில்லிலிருந்தே பேசினார். பின்னால் இயந்திரம் கடகடவென்று அரைக்கிறது.

"சவரி, நான் பேசுறது கேக்குதா? அந்த மூலையில..."

"யாருப்பா அது, ஒரே சத்தம்" என்றார் சிங்கப்பூர்க்காரர். சொக்கலிங்கம் அய்யா கேமராவைப் பார்த்து இமையை லேசாக இறக்கினார். ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த அந்த இமைக்கு என் விரல் சொன்னபடி கேட்டது. பொத்தானை அமுக்கினேன். அக்கா மறுபடி திறந்தார். மறுபடி அமுக்கினேன். மூன்றாம் தடவை, அவராகத் திறக்க முடியாதபடி பூட்டுப் போட்டேன்.

வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தன் குரல் வரவில்லை என்று புரிந்துகொண்டு அக்கா கையால் சொல்லிப் பார்த்தார். ஒரு கையை மேலேயிருந்து நெளித்து நெளித்துக் கொண்டுவந்தார், தண்ணீர் வருகிற மாதிரி. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அடைத்துக் காட்டினார். சேர்த்த கையைப் பார்த்ததும் சொக்கலிங்கம் அய்யா மலர்ந்துபோனார்.

"அம்மா வணக்கம் சொல்றாங்க. நன்றிம்மா, நன்றி. உங்களை மாதிரி எளிய மக்களோட வாழ்த்துதான் எங்களுக்கு வேணும்."

எல்லோரும் கைகூப்பினோம். நானும் கூப்பினேன். அந்த நாற்பது சதுரத்தில், அது வணக்கம் இல்லை என்று தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

கூட்டத்துக்காரர்கள் போட்ட பணத்தில் நடந்த சுவர் வேலை ஆனி மாதம் முடிந்தது. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பெயர் வெட்டினார்கள். கூட்டங்களுக்குப் பொத்தான் அமுக்கிய சேவைக்காக எனக்கும் ஒன்று: 'சவரிமுத்து, ஜெர்மனி'. மூடிய பள்ளத்தின் மேல் போட்ட பெஞ்சு அது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன். ஆம், அதே ஆணியில்.

ஐப்பசி மழை வந்தது. குழுவில் படங்கள் வந்தன. நனைந்த நடைபாதை, நனைந்த பூச்செடி. கீழே 'அருமை', 'சொர்க்கம்' என்று வரிசையாக விழுந்தது. அந்த வரிசைக்கு நடுவில் வள்ளிக்கண்ணு அக்கா ஒரு படம் போட்டிருந்தார். சுவருக்கு வெளியே தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அவருடைய மாட்டுக்கொட்டகைக்குள் பசு வெள்ளத்தில் நிற்கிறது. சுவருக்கு உள்ளே ஊருணி காய்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு குடம் தண்ணீர் தேங்கியிருந்தால் அதிகம். அந்தப் படத்துக்குக் கீழும் ஒருவர் 'அருமை' போட்டிருந்தார். பார்க்காமலே போட்டிருப்பார். அல்லது பார்த்தே போட்டிருப்பார்.

எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு வந்தது. மறுபடி மறுபடி கேட்டதால் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். "சவரி, ஐப்பசி பொறந்து பத்து நாளாச்சு. இன்னும் ரெண்டு மூணு பெருமழதான் வரும். இதுல ஊருணி நெறயாட்டி தைக்குக் கெணறு காஞ்சிரும். வருஷம் பூரா கொடத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போகணும். எனக்கு முழங்கால் வேற சொன்னபடி கேக்கல. பஞ்சாயத்துல கேட்டா, அது ஒங்க வரலாத்துக் குழு கட்டுனது, அவுகளக் கேளுங்கன்னுட்டாக. குழுவுல யாரு இருக்கா, யாரக் கேக்குறது? அதான் ஒன்னயக் கேக்குறேன்."

கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவர எப்படியும் ஊருக்குப் போவதாக இருந்தேன். போனேன். அதே வாரம், கூட்டத்தை முதல் தடவையாக நேரில் நடத்தினார்கள். காரைக்குடியில் ஒரு மாளிகையை ஓட்டலாக்கியிருந்தார்கள். அதன் நடு வளவில், அதாவது உள்முற்றத்தில், காலை பத்து மணிக்கு. துபாய்க்காரரும் பறந்து வந்திருந்தார். மைக் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொக்கலிங்கம் அய்யா ஒரு மணி நேரம் பேசினார். நீர் மேலாண்மையில் உலகத்துக்கே வழிகாட்டிய மண் இது என்றார். ஒன்பது கிலோமீட்டரில் ஊருணி காய்ந்து கிடக்கிறது. இங்கே குளிரூட்டிய தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பித் துப்புவது என்பதுதான் சிக்கல். நான் உட்கார்ந்திருந்ததும் அதே வளவில்.

வள்ளிக்கண்ணு அக்கா டவுன் பஸ் ஏறி, தெருப் பெண்கள் இரண்டு பேரோடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். கேள்வி நேரம் என்றதும் எழுந்தார். மைக்கைக் கொண்டுபோய் நானே கையில் கொடுத்தேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"அய்யா, நீங்க ஒரு மணி நேரமாத் தண்ணியப் பத்திப் பேசுறீக. கேக்கக் கேக்கத் தாகமா இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நம்ம ஊருணிக்கு வாய் எங்குட்டு இருக்கு?"

"அம்மா, அந்த விவரமெல்லாம் வரைபடத்துல..."

"வரைபடம் வேணாங்கய்யா. கையக் காட்டுங்க, போதும். இங்குட்டா, அங்குட்டா?"

சொக்கலிங்கம் அய்யா துபாய்க்காரரைப் பார்த்தார். துபாய்க்காரர் பாட்டிலைத் திறந்தார்.

"தெரியாதுல்ல? வாயத் தச்சுப்புட்டு, பொட்டு வச்சு, பூ வச்சு, உக்கார வச்சிருக்கீக. அது எப்படிய்யா குடிக்கும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேடையில் இமை இறங்கியது. இதற்குப் பின்னால் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஸ்டெல்லாவிடமும். என் கை திருகுக்குப் போய்ப் பாதிக்குக் குறைத்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. தும்மல் மாதிரி வந்தது. அக்காவின் குரல் சட்டென்று சிறுத்துப்போனது. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தூணோரம் நான் இருக்கிற திசையில் பார்த்தார்.

"மறுபடியுமாடா, சவரி?"

மைக்கை நாற்காலியில் வைத்தார், ஒரு குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி பதமாக. "இந்தக் கழுத வேணாம். மில்லுச் சத்தத்துக்கு மேல கத்திப் பழகுன தொண்ட இது" என்றார். அப்புறம் வெறும் தொண்டையில் பேசினார். வளவின் ஓட்டுக்கூரை வரை போய் எதிரொலித்தது. வரத்துக்கால் எங்கே தொடங்கும், எங்கே வளையும், எந்த இடத்தில் சுவர் அடைத்தது, எத்தனை வீட்டுக்கு எத்தனை குடம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு அந்த மாளிகையில் பேசப்பட்ட உள்ளூர் வரலாறு அவ்வளவுதான்.

"மிக நல்ல கருத்து. அடுத்த கூட்டத்தில் இதைத் தனி அமர்வாகவே வைப்போம்" என்றார் சொக்கலிங்கம் அய்யா.

"மழ ஒங்க அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

சாப்பாட்டில் பதினாறு வகை இருந்தது. நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டுமில்லையா?

மறுநாள் காலை ஊருணிப் பக்கம் தொம் தொம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அக்காவும் ஆறேழு பெண்களும் வடமேற்கு மூலையில் சுவரை இடிக்கிறார்கள். கடப்பாரை அக்காவின் கையில். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்க ஜெர்மனி. போலீசக் கூப்புட வந்தீகளா?"

அக்கா எனக்கு 'வாங்க', 'வந்தீக' என்று மரியாதை போட்டது அதுதான் முதல் தடவை. செருப்பால் அடித்திருந்தால் இதைவிடக் கம்மியாக வலித்திருக்கும்.

"இல்லக்கா. நான் குறைச்சது தப்புத்தான்."

"எத்தனாவது தப்பு?"

"எண்ணலக்கா."

"நான் எண்ணிருக்கேன். சரி, பிடி இத." கடப்பாரையை நீட்டினார். "குழு ஆளு ஒருத்தன் கைவச்சா, குழுவே இடிச்சதாயிரும்ல. நாளைக்கு ஒரு கேள்வி வந்தா ஒன்னயக் காட்டிருவோம்."

பெண்கள் சிரித்தார்கள். நான் இடித்தேன். கிடங்கில் பெட்டி தூக்கிப் பழகிய உடம்பு. இருந்தும் அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கியது. மூன்று முழ அகலத்துக்குச் சுவர் போனது. பிறகு பள்ளத்தில் அடைத்த மண்ணையும் கட்டட இடிபாட்டையும் மம்பட்டியால் வெட்டி அள்ளினோம். குறுக்கே என் பெஞ்சு நின்றது. அதைப் பெயர்த்துத் தள்ளினோம். மத்தியானத்துக்குள் வாய்க்கால் திறந்துவிட்டது. ஆனால் கரையோரம் நடந்து கிணற்றுக்குப் போகிற பாதை இப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. குடத்தோடு தாண்ட முடியாது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெஞ்சின் மேல்பலகைக் கல்லைக் காலால் தட்டினார்.

"இதப் போடுவோம்."

நான்கு பேர் தூக்கி வாய்க்காலுக்குக் குறுக்கே வைக்கப்போகையில் அக்கா நிறுத்தினார். "எழுத்து மேல இருக்கட்டுமா, கீழ இருக்கட்டுமா?"

"கீழ போட்ருங்கக்கா. மானம் போகுது."

அவர் குனிந்து என் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "மேலயே கெடக்கட்டும். நல்லா ஆழமா வெட்டிருக்கான். மழயில காலு வழுக்காது."

மூன்று நாள் கழித்து மழை வந்தது. பொட்டலில் விழுந்த தண்ணீர் செம்மண்ணைக் கரைத்து, மில் சாம்பலையும் பாக்கெட் உறைகளையும் தள்ளிக்கொண்டு, நுரைத்து வந்து, என் பெயருக்கு அடியில் புகுந்து ஊருணிக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்தை எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. எல்லோரும் குடையில்லாமல் நின்று பார்த்தோம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாய்க்காலில் குப்பை அடைக்காமல் வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்துச் சுத்தம் செய்யலாம், ஜெர்மனியில் இப்படித்தான், அதற்கு அழகாக ஒரு பலகை எழுதி வீடு வீடாக மாட்டிவிடலாம் என்று அளந்தேன்.

"முற வைக்கிறது நல்ல ரோசனதான்" என்றார் அக்கா. "ஆனா பலகையா? ஒனக்கு இன்னும் அடங்கலயாடா? மம்பட்டிய வாசல்ல சாத்திவச்சாப் போதும். முற யாருதுன்னு அதுவே சொல்லும்."

மறுபடி 'டா' போட்டுவிட்டார். அதை வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

போன திங்கட்கிழமை இங்கே பனிக்கு முந்தின கடைசி இலையுதிர்வு. காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் கேர்வோஹெப் பலகை தொங்குகிறது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சல்லடையில் இலை மூடி, தண்ணீர் குட்டையாக நிற்கிறது. குனிந்து கையால் அள்ளிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வள்ளிக்கண்ணு அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார்.

எங்கள் வீடு. கதவில் பழைய பித்தளைப் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில், செம்மண் காயாத ஒரு மம்பட்டி சாத்தியிருக்கிறது. கீழே குரல்பதிவு: "பூட்டுன வீடுன்னு விட்ருவோமா? ஊருணித் தண்ணி குடிச்ச வீடுதான் இதுவும். இந்த வாரம் ஒன் முற, சவரி. மழ வருது, பாத்துக்க."

ஃப்ரௌ கெல்லர் ஜன்னலைத் திறந்து, ஏன் நின்றுவிட்டீர்கள், ஏதாவது அடைத்துக்கொண்டதா என்று கேட்டார்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். இலையை ஒரு கை அள்ளினேன். குட்டை சுழன்று சல்லடைக்குள் இறங்கியது. ஊரில் இந்நேரம் பொட்டலில் மழை விழுந்திருக்கும். என் வீட்டு வாசலில் அந்த மம்பட்டி நனைந்துகொண்டிருக்கும்.